துண்டு இருக்குது, ஆளைக் காணோம்

எங்கள் மாமா தாய்லாந்தில் தொலைந்துபோன கதையை வடக்கனந்தலில் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். போன வாரம் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஒருத்தர், நான் யாரென்று தெரியாமல், என்னிடமே ஆரம்பித்தார். மாமாவை யானைக்காரன் ஒருத்தன் யானை மேல் ஏற்றிக் காட்டுக்குள் கொண்டுபோய்விட்டானாம். அந்த ஊர் மிலிட்டரி போய் மீட்டதாம். வாயைப் பொத்திக்கொண்டு கேட்டேன். கூடப் போனவன் நான், தேடி அலைந்தவன் நான், திட்டு வாங்கியவனும் நான். யானை கிடையாது, மிலிட்டரி கிடையாது. போலீஸ் உண்டு. அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. வடக்கனந்தலில் உரக்கடை வைத்திருக்கிறார். கொஞ்சம் நிலமும் உண்டு, அதில் எப்போதும் குச்சிக்கிழங்குதான். மரவள்ளி என்று புத்தகத்தில் போடுவார்களே, அது. மாமாவுக்கு உலகத்தில் முக்கியமானவை இரண்டு. ஒன்று அந்தக் கிழங்கு. இன்னொன்று என் அக்கா. இரண்டில் எது முதல் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார், அவ்வளவுதான்.

அக்காவுக்குக் கல்யாணம் முடிவாகியிருந்தது. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் பெண்ணின் நெற்றியில் தாய்மாமன், நூல் கோத்த சின்னத் தங்கத் தகடு ஒன்றைப் பட்டமாகக் கட்டுவார். அவர் கட்டின பிறகுதான் மாப்பிள்ளை தாலி கட்ட முடியும். நாலு மாமன் இருக்கிற வீட்டில் யாராவது ஒருத்தர் கட்டிவிட்டுப் போவார். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு பீஸ். ஸ்பேர் இல்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு பூச்சிமருந்து கம்பெனி, நன்றாக விற்றுக்கொடுத்த கடைக்காரர்களுக்கு தாய்லாந்து டூர் அறிவித்தது. மாமா கடைக்கு இரண்டு டிக்கெட். திரும்பி வந்த மூன்றாம் நாள் கல்யாணம். அம்மா குதித்தாள்.

"கல்யாணத்த வூட்ல வச்சிக்கினு இன்னாடா டூரு வேண்டிக்கெடக்குது?"

"கம்பெனிக்காரன் உன் பொண்ணு ஜாதகம் பாத்தாக்கா தேதி வெப்பான்? போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது. பேசாம இரு."

இரண்டாவது டிக்கெட் அத்தைக்கு. அத்தை மாட்டேன் என்றாள். காரணம் கேட்டால், "பஸ்ஸு நின்னா எறங்கித் தள்ளலாம். அது ஆகாசத்துல நின்னா?" என்றாள். இதற்கு என் இன்ஜினியரிங் படிப்பில் பதில் இல்லை. டிக்கெட் எனக்கு வந்தது. வராத ஒரு வேலைக்காக எடுத்து வைத்த பாஸ்போர்ட் என்னிடம் இருந்தது. அதோடு, "எம் மாப்ளைக்கு இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடு" என்று மாமா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

கிளம்புகிற அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் அம்மா என் சட்டைக் காலரைப் பிடித்தாள். பாசமாகத் தடவப்போகிறாள் என்று நினைத்தேன்.

"போறப்ப ரெண்டு பேரு. வரப்பவும் ரெண்டு பேரு. எந் தம்பி இல்லாம நீ மட்டும் வந்து நின்ன, வூட்டுக்குள்ள கால வெச்சிடாத."

"அவரு இன்னா கொழந்தையாம்மா?"

"கொழந்தைனா நான் கவலப்பட மாட்டன்டா. கொழந்த சொன்ன எடத்துல ஒக்காரும்."

தாய்லாந்தில் எங்களை ஏற்றிக்கொண்ட பஸ் முழுக்க உரக்கடைக்காரர்கள். கையில் சின்னக் கொடியும் தலையில் பெரிய தொப்பியுமாக ஒரு கைடு அக்கா. இந்தியாக்காரர்கள் வருகிறார்கள் என்று அவர் கஷ்டப்பட்டு இந்தி கற்று வைத்திருந்தார். மைக்கைப் பிடித்து இந்தியில் பேசத் தொடங்கினார். பஸ்ஸில் ஒருத்தருக்கும் இந்தி தெரியாது. அவர் எங்களைப் பார்த்தார், நாங்கள் அவரைப் பார்த்தோம். கடைசியில் "சலோ சலோ" மட்டும் பொது மொழியானது. சாப்பிட சலோ, தூங்க சலோ, பாத்ரூமுக்கும் சலோ. மிச்சத்துக்கு அவர் இங்கிலீஷும் என் இங்கிலீஷும். இரண்டும் சேர்ந்து ஒரு ஆளுக்குக் காணும்.

மாமாவுக்கு தாய்லாந்து பிடிக்கவே இல்லை. பட்டாயா கடற்கரையில் எல்லாரும் ஆட்டம் போட, இவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "கடலூர்ல இல்லாத கடலா மாப்ள?" பெரிய புத்தர் கோயிலில் கும்பிட்டார், செருப்பு இருக்கிறதா என்று பார்த்தார், வந்துவிட்டார். போட்டோ எடுத்தால் கண்ணை மூடிக்கொள்வார். கம்பெனி கொடுத்த பேண்ட் இடுப்பில் இறுக்கியது. கடைசி நாள் பொறுக்க முடியாமல் கைலிக்கு மாறிவிட்டார். தோளில் துண்டு. போனை அணைத்து என் பையில் போட்டுவிட்டார், வெளிநாட்டில் அதைத் தொட்டாலே காசு போய்விடும் என்று.

அந்தக் கடைசி நாள் ஏதோ பழத்தோட்டம் பார்க்கப் போனோம். வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் பஸ் நின்றது. எல்லாரும் இறங்கி ஏறினார்கள். நான் கடைசி சீட்டில் சீட்டுக்கட்டு விளையாடிக்கொண்டிருந்தேன். கைடு அக்கா மைக்கில் "எவ்ரிபடி?" என்று கேட்டார். மாமாவுக்குப் பக்கத்து சீட் சங்கராபுரம் கடைக்காரர், பெரிய மீசைக்காரர். அவர் திரும்பிப் பார்த்தார். மாமாவின் சீட்டில் துண்டு கிடந்தது.

"இருக்காரு, இருக்காரு. எடு வண்டிய."

இதில் அவர் மேல் தப்பே சொல்ல முடியாது. எங்கள் ஊரில் துண்டு கிடந்தால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். கல்வராயன் மலை மேல் வெள்ளிமலைக்குப் போகிற பஸ், ஸ்டாண்டுக்குள் நுழையும்போதே ஜன்னல் வழியாக நாலு துண்டு உள்ளே பறக்கும். அப்புறம் ஆள் நிதானமாக டீ குடித்து, வெற்றிலை போட்டு, ஊர்ப் பஞ்சாயத்து பேசி முடித்து வருவார். சீட் அவருக்காகக் காத்திருக்கும். கண்டக்டரே அதை மரியாதையோடு தாண்டிப் போவார். துண்டை நகர்த்தி உட்கார்ந்தவன் மலை ஏறி முடிக்கிறவரைக்கும் திட்டு வாங்குவான். அப்படிப்பட்ட துண்டு கிடக்கும்போது ஆள் எங்கே என்று யார் தேடுவார்கள்?

பழத்தோட்டத்தில் டூரியன் வெட்டிக் கொடுத்தார்கள். நாற்றம் என்றால் அப்படியொரு நாற்றம். முதல் வாயை மாமாவுக்கு ஊட்டி, முகம் போகிற போக்கை வீடியோ எடுக்க வேண்டும் என்று பஸ்ஸுக்கு ஓடினேன்.

"அண்ணே, மாமா எங்க?"

சங்கராபுரத்தார் சீட்டைக் காட்டினார். "இதோ இருக்குதே துண்டு."

"துண்டு இருக்குது அண்ணே. மாமா எங்க?"

"துண்டு இருக்குதுன்னா இங்கதான் பா எங்கனா இருப்பாரு."

"அண்ணே, பங்க்ல ஏறுனப்ப அவரப் பாத்தீங்களா?"

"பாத்தன்." மீசை தொங்கியது. "துண்டத்தான் பாத்தன்."

அம்மா காலரைப் பிடித்த இடம் அப்படியே சுட்டது. மறுநாள் காலை ஃபிளைட். மூன்றாம் நாள் கல்யாணம். என் மாமா கைலியோடு, போன் இல்லாமல், ஒரு வார்த்தை பாஷை தெரியாத தேசத்தில் எங்கேயோ இருக்கிறார். கையில் டூரியன் இருந்தது. பதட்டத்தில் அதை நானே தின்றுவிட்டேன்.

கைடு அக்காவுக்கு விஷயம் புரிய வைத்ததும் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். "தம்பி, நோ க்ரை" என்றார். மூன்று நாளில் தம்பி என்ற வார்த்தையைப் பிடித்துவிட்டார். நான் அழவில்லை, அது டூரியன் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. பஸ்ஸை மற்றவர்களோடு ஓட்டலுக்கு அனுப்பிவிட்டு, தெரிந்தவர் ஒருவரின் வேனில் என்னை டூரிஸ்ட் போலீசிடம் கூட்டிக்கொண்டு போனார். பஸ் கிளம்பும்போது சங்கராபுரத்தார் ஜன்னல் வழியாக மாமாவின் துண்டை எடுத்து என் கையில் கொடுத்தார். "வெச்சிக்க தம்பி, தேவப்படும்." மோப்ப நாய்க்கா என்று கேட்க வாய் வரவில்லை.

வேனில் போகும்போதே அம்மா போன்.

அம்மாவும் அத்தையும் அன்றைக்குக் கல்வராயன் மலையில் இருந்தார்கள். மாமா கடைக்கு வருகிற வெள்ளிமலைக்காரர்களுக்குப் பத்திரிகை வைக்க ஜீப்பில் போயிருந்தார்கள். மலையில் டவர் ஒரு வளைவில் இருக்கும், அடுத்த வளைவில் இருக்காது. கடவுள் இருக்கிறார் என்று அன்றைக்குத்தான் நம்பினேன்.

"டேய், எங்க எந் தம்பி? போனக் குடு."

"குளிக்கிறாரும்மா."

"இந்நேரத்துலயா?"

"இங்க நேரம் வேறம்மா."

டவர் போய்விட்டது. அடுத்த வளைவில் திரும்ப வந்தது.

"குளிச்சிட்டானா?"

"இல்லம்மா, தல முழுகுறாரு."

"இருக்குறது பத்து முடி. அதுக்கு இவ்ளோ நேரமா?"

திரும்பவும் போய்விட்டது. வளைவுகளை அமைத்த இன்ஜினியர் நன்றாக இருக்க வேண்டும்.

போலீஸ் ஸ்டேஷனில் முதலில் கேட்டது போட்டோ. போனைத் திறந்து தள்ளினேன். கடற்கரையில் கண் மூடிய மாமா. கோயிலில் கண் மூடிய மாமா. ஓட்டல் வாசலில் தும்முகிற மாமா. இதில் எதைக் காட்டித் தேடச் சொல்வது? தெளிவாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். அக்கா நிச்சயதார்த்தத்துக்கு மாமா வைத்த ஃபிளெக்ஸ் பேனரை அன்றைக்கு நான் படம் எடுத்திருந்தேன். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, கூப்பிய கைகளோடு மாமா. பின்னால் பாய்கிற சிங்கம். மேலே இரண்டு பக்கமும் புறா. காலடியில் வட்ட வட்டமாக எங்கள் வீட்டுப் பையன்கள் எல்லாரும், நான் உள்பட, போனைக் காதில் வைத்துக்கொண்டு.

அதிகாரி படத்தைப் பெரிதாக்கினார். சிங்கத்தைப் பார்த்தார். புறாக்களைப் பார்த்தார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பொலிட்டீஷியன்?"

"நோ சார். அங்கிள்."

வட்டங்களைத் தொட்டுக் காட்டினார். "திஸ், ஹிஸ் பார்ட்டி?"

"ஃபேமிலி சார்."

இரண்டும் ஒன்றுதான் என்பது போலத் தலையாட்டினார். "பிக் மேன்?"

இந்த இடத்தில் நான் பொய் சொன்னதாக ஊரில் பேசுகிறார்கள். இல்லை. "இன் வடக்கனந்தல், வெரி பிக்" என்றேன். இது சத்தியம். உரக்கடையில் அவர் கடைதான் பெரிது. அதிகாரி வடக்கனந்தல் என்ற பெயரை மூன்று தடவை சொல்லிப் பார்த்து எழுதிக்கொண்டார். ஏதோ மாநிலம் என்று நினைத்திருப்பார். உடனே எழுந்து வாக்கி டாக்கியில் பேச ஆரம்பித்தார். அந்த வேகமான பேச்சுக்கு நடுவில் 'விஐபி' மட்டும் எனக்குப் புரிந்தது. கைடு அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். வாசலில் விளக்கு சுழல்கிற வண்டி ஒன்று வந்து நின்றது.

"சலோ" என்றார் கைடு அக்கா.

இதற்குள் சங்கராபுரத்தார் ஓட்டலில் சும்மா இருக்கவில்லை. மாமா போட்டோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்து, 'இவரைக் காணவில்லை, கண்டவர்கள் உடனே தொடர்புகொள்ளவும்' என்று என் நம்பரைப் போட்டுவிட்டார். அவர் ஸ்டேட்டஸை யார் பார்ப்பார்கள்? தாய்லாந்துக்காரனா? கள்ளக்குறிச்சி சுற்றுவட்டாரம் மொத்தமும் என்னைக் கூப்பிட ஆரம்பித்தது.

"தம்பி, சின்னசேலத்துலேர்ந்து பேசறன். எங்க காணம் போனாரு? கச்சிராயபாளையம் ரோட்லயா?"

"இல்லண்ணே, தாய்லாந்துல."

"அது எந்த ஸ்டாப்பிங்கு?"

இன்னொருத்தர் மூச்சு வாங்கப் பேசினார். "கவலப்படாத தம்பி. இப்பதான் ஏரிக்கர ஓரமா டிவிஎஸ்ல போய்க்கினு இருந்தாரு. நான் கையக்கூட ஆட்டனேன்."

ஒரு செகண்ட் நம்பிவிட்டேன். அந்த அளவுக்கு ஆகிவிட்டிருந்தது.

முதலில் பஸ் நின்ற அந்தப் பெட்ரோல் பங்குக்குப் போனோம். பக்கத்தில் ஒரு மசாஜ் கடை. மாமாவைக் காணோம் என்றதுமே பஸ்ஸில் இருந்த எல்லாரும் அங்கேதான் இருப்பார் என்று கண் அடித்துக்கொண்டார்கள். உள்ளே போய்க் கேட்டுத்தான் ஆக வேண்டும். போலீஸ் வெளியே நிற்க, தோளில் துண்டோடு நான் உள்ளே போய் சிங்கப் படத்தைக் காட்டினேன். உள்ளே இருந்த பெண்கள் கூடி நின்று பார்த்தார்கள். ஒருத்தி படத்துக்கு வணக்கம் வைத்தாள். இன்னொருத்தி வட்டத்தில் இருந்த என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் போனைப் பிடுங்கிக்கொண்டு வெளியே ஓடி வந்தேன். மாமா அங்கே இல்லை. அத்தைக்கு இதை எழுத்தில் உறுதி செய்கிறேன்.

பங்கில் பெட்ரோல் போடுகிற பெண்ணுக்குத்தான் விஷயம் தெரிந்திருந்தது. பாஷை வேண்டியிருக்கவில்லை. அவள் நடித்தே காட்டினாள். இடுப்பில் கைலியை அவிழ்த்து உதறி இறுக்கினாள். முட்டிக்கு மேலே மடித்துக் கட்டினாள். ரோட்டைப் பார்த்து இரண்டு கையையும் தட்டி "ஹேய்" என்று கத்தினாள். அப்படியே மாமா. போகிற லாரியை அந்த அதிகாரத்தோடு கை தட்டி நிறுத்துகிறவர் வேறு யார் இருக்கிறார்கள்? அப்புறம் லாரியில் ஏறுவது மாதிரி காலைத் தூக்கினாள். போன திசையைக் காட்டினாள்.

என்ன லாரி, எதற்காக ஏறினார், ஒன்றும் தெரியவில்லை. அந்த ரோடு கொஞ்ச தூரத்தில் மூன்றாகப் பிரிந்தது. வண்டியை ஓரம் கட்டி அதிகாரி மேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது மறுபடியும் அம்மா. ஜீப் மலை இறங்கிவிட்டது. இனி வளைவு கிடையாது. டவர் கும்மென்று இருந்தது.

"கச்சிராயபாளையத்துல எறங்கி நிக்கறன். வரவன் போறவன்லாம் எங்கிட்ட வந்து துக்கம் விசாரிக்கறான். எந் தம்பி எங்கடா?"

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"மாப்ள வூட்ல போன் பண்ணிட்டாங்க. தாய்மாமன் வந்து சேரலன்னா தேதியத் தள்ளி வெச்சிக்கலாம்னு பதமாத்தான் சொல்றாங்க. உங்க அக்கா ரூம உள்தாப்பா போட்டுக்கினு இருக்கறா. அவன் இல்லாம யாருடா பட்டம் கட்டுவா? சொல்லு. யாரு கட்டுவா?"

அம்மா அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. போனில் கேட்டது அதைவிட மோசம். துண்டை முகத்தில் வைத்துக்கொண்டேன். விக்ஸும் உரக்கடையும் கலந்த மாமா வாசனை. சத்தம் போடாமல் அழுதேன். இந்தத் தடவை டூரியன் இல்லை.

துண்டை எடுத்ததும் இன்னொரு வாசனை அடித்தது.

புளித்துப்போன, குப்பென்ற, மூக்கை அடைக்கிற வாசனை. கைடு அக்கா கர்ச்சீப்பைத் தேடினார். அதிகாரி முகத்தைச் சுளித்தார். நான் மட்டும் வண்டி ஜன்னலில் பாதி உடம்பை வெளியே விட்டு நாய் மாதிரி மோந்தேன். இது எனக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து தெரியும். சின்னசேலம் பக்கம் பஸ்ஸில் போகும்போது எல்லாரும் படார் படார் என்று ஜன்னலைச் சாத்துவோமே, அந்த வாசனை. ஜவ்வரிசி ஆலையின் வாசனை. கிழங்கை அரைத்து மாவெடுத்த தண்ணீர் புளிக்கிற வாசனை.

"மாமா!" என்று கத்தினேன். "ஸ்மெல் சார், ஸ்மெல்! தட் சைடு! மாமா ஸ்மெல்!"

"அங்கிள், திஸ் ஸ்மெல்?" என்றார் அதிகாரி பரிதாபமாக.

"யெஸ் சார்! கோ சார்!"

இடது பக்க ரோட்டில் திரும்பினோம். கொஞ்ச தூரத்திலேயே ரோட்டோரம் சிதறிக் கிடந்தது குச்சிக்கிழங்கு. லாரியிலிருந்து உருண்டவை. என் ஊர் கிழங்கை வேறு நாட்டு ரோட்டில் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதேன். கைடு அக்கா தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார்.

ஆலை வாசலில் லாரியும் டிராக்டருமாக வரிசை. எடை மேடையைச் சுற்றிக் கூட்டம். கூட்டத்துக்கு நடுவில் யாரோ கொடுத்த ஓலைத் தொப்பியோடு, மடித்துக் கட்டிய கைலியோடு, கையில் உடைத்த கிழங்கோடு, தமிழில் பேசிக்கொண்டு நிற்பது யார்?

இங்கே பாயிண்ட் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிழங்கை எடை போட்டால் மட்டும் விலை வராது. அதில் மாவு எவ்வளவு என்று தண்ணீரில் முக்கிப் பார்த்து ஒரு நம்பர் போடுவார்கள். அதுதான் பாயிண்ட். பாயிண்ட் கூடினால் விலை கூடும். எங்கள் பக்கம் ஆலை வாசலில் நடக்கும் சண்டையில் முக்கால்வாசி பாயிண்ட் சண்டை. உலகத்தில் எந்த ஆலைக்காரனும் பாயிண்டைச் சரியாகப் போடமாட்டான் என்பது மாமாவின் அசைக்க முடியாத நம்பிக்கை. பங்கில் நின்றபோது கிழங்கு லாரி வரிசையாகப் போயிருக்கிறது. இந்த ஊரில் எப்படிப் போடுகிறார்கள் என்று பார்க்காமல் அவரால் இருக்க முடியுமா?

"மாமா!"

திரும்பினார். ஏதோ கடைக்கு நான் லேட்டாக வந்துவிட்டது மாதிரி ஆரம்பித்தார்: "வாடா மாப்ள, இவ்ளோ நேரம் எங்க போன? இவங்கிட்ட இங்கிலீஷ்ல சொல்லு. இந்த அண்ணன் கெழங்கப் பாரு, ஒடச்சா எப்பிடி சத்தம் கேக்குது. இதுக்குப் போயி பாயிண்ட் கம்மியாப் போட்றான். அநியாயம்!"

பக்கத்தில் நின்ற அந்த ஊர் விவசாயி, மாமா எதைச் சொன்னாலும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அவர் தாய் மொழியில் எதையோ சொன்னார். மாமா, "அதான் நானும் சொல்றன்" என்றார்.

அப்போதுதான் மாமா எனக்குப் பின்னால் பார்த்தார். சுழல்கிற விளக்கு. போலீஸ். மடித்துக் கட்டின கைலி தானாக இறங்கியது.

"மாப்ள, நான் ஒண்ணும் பண்லடா. பாயிண்ட் கேட்டன், அவ்ளோதான்."

அதிகாரி விறைப்பாக வந்து நின்று, கையைக் கூப்பித் தலை குனிந்தார். பயத்தில் மாமாவும் கையைக் கூப்பினார். அதிகாரி போனில் இருந்த ஃபிளெக்ஸைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். அதே கூப்பல். ஆள் அடையாளம் உறுதி.

போலீசோடு வந்த விஐபி என்றதும் ஆலைக்காரர் ஓடி வந்தார். என்ன பிரச்சினை என்று கைடு அக்கா மூலம் கேட்டார். மாமா விடுவாரா? மறுபடி பார்க்கச் சொல் என்றார். கூடையைத் திரும்பத் தண்ணீரில் இறக்கினார்கள். மொத்தக் கூட்டமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. முன்னால் போட்டதைவிட ஒரு பாயிண்ட் குறைந்தது.

அந்த விவசாயி மாமாவை மெதுவாகத் திரும்பிப் பார்த்தார்.

"மெஷின்ல கோளாறு" என்றார் மாமா.

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. விவசாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அதிகாரி தொப்பியை முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கினார். ஆலைக்காரர் பெரிய மனது பண்ணிப் பழைய நம்பரையே வைத்துக்கொண்டார். நான் மட்டும் சிரிக்கவில்லை. துண்டை மாமா மேல் விசிறி அடித்தேன்.

"ஊரே எழவு வூடு மாதிரி கெடக்குது மாமா! அம்மா ரோட்ல நின்னு அழுவுது. அக்கா கல்யாணத்தத் தள்ளி வெக்கலாமான்னு பேசிக்கினு இருக்காங்க. நீங்க இங்க பாயிண்ட் பாக்கறீங்களா? பஸ்ஸு போயி எவ்ளோ நேரம் ஆச்சி தெரியுமா?"

மாமா நிஜமாகவே அதிர்ந்துபோனார். அவர் முகத்தில் இருந்தது துரோகம் செய்யப்பட்டவனின் வலி.

"பஸ்ஸு போயிடுச்சா? எப்பிடிடா போவும்? துண்டு போட்டுட்டுதானடா எறங்கனேன்!"

வீடியோ காலில் அம்மாவைப் பிடித்தேன். திரையில் ஓலைத் தொப்பியும் மாமாவின் மூக்கும் தெரிந்தன. அம்மா போனைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தாள். அழுது வீங்கிய கண்.

"இன்னாடா, குளிச்சி முடிச்சிட்டியா?"

"குளியலா? நான் எப்பக்கா குளிச்சன்?" என்றார் மாமா.

அம்மா அதற்கப்புறம் திட்டியதை எல்லாம் இங்கே எழுத முடியாது. கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாப்பில் நின்று திட்டினாள். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கை தட்டினார்களாம்.

நடவுக்கு இரண்டே இரண்டு கிழங்குக் குச்சி கொண்டுபோகிறேன் என்று மாமா கெஞ்சினார். அதிகாரி, கைடு அக்கா, நான், மூன்று பேரும் மூன்று மொழியில் முடியாது என்றோம். போலீஸ் வண்டியின் சுழல்கிற விளக்கோடு மாமா ஓட்டல் வாசலில் இறங்கினார். உரக்கடைக்காரர்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். மறுநாள் ஃபிளைட்டில் நான் அவருக்குப் பெல்ட் போட்டுவிட்டு, மேலே என் கையையும் போட்டுக்கொண்டேன். சென்னை வருகிறவரைக்கும் எடுக்கவில்லை.

கல்யாணம் கள்ளக்குறிச்சி மண்டபத்தில். வாசலில் புது ஃபிளெக்ஸ். மாமா பக்கத்தில் தாய்லாந்து போலீஸ் அதிகாரி, இருவரும் கை கூப்பி. இந்தத் தடவை சிங்கம் இரண்டு. எப்போது போய்ச் சொல்லி அடித்தார் என்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது.

முகூர்த்த நேரம். மணவறையில் அக்கா. ஐயர் நிமிர்ந்து, "தாய்மாமன் வரலாம், பட்டம் கட்டணும்" என்றார்.

யாரும் வரவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். முன்வரிசையில் நடு நாற்காலியை எல்லாரும் பார்த்தோம். அதில் துண்டு கிடந்தது.

"டேய்ய்ய்!" அம்மாவின் குரலில் மேளக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். "துண்டு இருக்குதுடா! ஆளப் பாருடா!"

நான் ஓடினேன். பட்டுவேட்டி தடுக்க, விருந்துக் கூடத்தில் பார்த்து, பின்கட்டில் பார்த்து, வாசலுக்கு வந்தேன். ஃபிளெக்ஸுக்குக் கீழே மாப்பிள்ளையின் பெரியப்பாவை நிறுத்தி வைத்து, கையால் கூடையைத் தண்ணீரில் முக்குவது மாதிரி காட்டிக்கொண்டிருந்தார் மாமா.

"...மெஷினே கோளாறுன்றன், அவன் ஒத்துக்கவே மாட்டன்றான்..."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மண்டபத்துக்குள் ஓடினேன். ஐயர் பட்டத்தைக் கையில் கொடுத்தார். அக்காவின் நெற்றியைப் பார்த்ததும் மாமாவுக்கு என்ன ஆனதோ, நூல் இரண்டு தடவை நழுவியது. சத்தமே இல்லாமல் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அக்கா தலையைக் குனிந்தபடியே, உதடு அசையாமல் சொன்னாள்.

"டைட்டாக் கட்டு மாமா. தொலஞ்சிடப் போவுது."

மாமா சிரித்துவிட்டார். முடிச்சு விழுந்தது. மேளம் கொட்டியது. அதற்கப்புறம் தாலி.

கண்ணைத் துடைக்கத் தோளில் துண்டைத் தடவினார். இல்லை. நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். அங்கேயும் இல்லை. அதைச் சுருட்டித் தன் இடுப்பில் செருகிக்கொண்டு அம்மா நின்றாள். பந்தி முடிந்து கடைசி ஆள் கிளம்புகிறவரைக்கும் தரவில்லை. உட்கார இடம் பிடிக்க ஒன்றும் இல்லாமல், மாமா அன்று முழுக்க அம்மா பக்கத்திலேயே நின்றார்.